இரண்டு அம்மாக்களோடு பனாமா கால்வாய் வழியாக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முட்டி தேய்ந்துபோன பெரியவர்களை அழைத்துக்கொண்டு நாலைந்து நாடுகளைப் பார்க்க வேண்டும் என்றால் பெரிய பயணக் கப்பலைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதே கப்பலில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போக வேண்டியதும் நிறைய இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

என் அம்மாவுக்கும் என் கணவரின் அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. இருவரும் திருநெல்வேலிக்காரர்கள். சம்பந்திகள் என்றாலும் அம்மா அத்தையை மதினி என்றுதான் கூப்பிடுவாள். குளிர்காலத்தில் நியூஜெர்சியில் எங்களோடு இருக்க வந்தவர்கள், வாசலில் பனி உறைந்து கிடந்ததால் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி, கொலம்பியாவின் கார்தஹேனா, பனாமா கால்வாய், கோஸ்டாரிகாவின் புன்தரேனாஸ், நிகராகுவாவின் சான் ஹுவான் தெல் சுர், மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் என்று போய் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குகிற பயணத்துக்குப் பதிவு செய்தோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, திரும்பவும் அமெரிக்காவுக்குள் நுழைய பலமுறை நுழைவு விசா கையில் இருக்க வேண்டும், இடையில் நிற்கிற ஒவ்வொரு நாட்டின் விதியையும் நாமேதான் தேடிப் படிக்க வேண்டும். கப்பல் கம்பெனியைக் கேட்டால் அது பயணியின் பொறுப்பு என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

கார்தஹேனா இந்தப் பட்டியலில் இருப்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. வெளிநாட்டில் பதிவான கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது, இடையில் தூர நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றால்தான் அனுமதி என்று 1886-இல் போட்ட சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் கப்பல் பஹாமாஸ் கொடி பறக்கவிட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அந்தக் கணக்கில் தூரம் கிடையாது, தென் அமெரிக்காதான் தூரம். அதனால் இந்தத் தடத்தில் ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்குப் போகிற கப்பல்கள் கார்தஹேனாவிலோ அரூபா பக்கமோ நின்றே ஆக வேண்டும். மற்ற ஊர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நிகராகுவாவில் எங்களுக்கு அது நன்றாகப் புரிந்தது, பிறகு சொல்கிறேன்.

சுகத்தில் முதல் சுகம், பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும். ஐரோப்பா டூர் பஸ்ஸில் பெரியவர்களோடு போனவர்களுக்குத் தெரியும், தினமும் காலையில் ஆறு மணிக்குப் பெட்டி கட்டி, மாத்திரை டப்பாவைத் தேடி, பஸ் படியில் கைப்பிடித்து ஏற்றி, சாயங்காலம் வேறொரு ஹோட்டலில் குழாயில் சுடுதண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று மறுபடியும் சொல்லிக்கொடுத்து, அதற்குள் எல்லோருக்கும் களைத்துவிடும். கப்பலில் முதல் நாள் மாலை புடவைகளை அலமாரியில் அடுக்கி, சாமி படத்தைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்து, கட்டிலுக்கு அடியில் காலிப் பெட்டிகளைத் தள்ளியதோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஊர்கள்தான் நம்மிடம் வருகின்றன. லிஃப்டில் ஏறி இறங்கினால் சாப்பாடு, பாட்டு, கடல் எல்லாம் கைக்கெட்டும் தூரம், கால் வலித்தால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வரலாம். அத்தை ஊரில் தெருமுனைக் கோயிலுக்குப் போகவே யோசிப்பவர், இங்கே தினமும் சாயங்காலம் தானாகவே கிளம்பி மேல்தளத்தில் மெதுவாக ஒரு சுற்று வந்தார், யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்தப் பயணத்தில் வேறு இல்லை.

கேபின் விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் இருவருக்கும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களுக்குப் பக்கமாக, பால்கனி வைத்த கேபின் எடுத்தோம். அலையில் ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான். முன்முனையும் மேல்தளங்களும் நிறைய ஆடும். ஃப்ளோரிடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும்போது கால்வாயைத் தாண்டிய பிறகு கரை எப்போதும் வலது பக்கம்தான் வரும், அதனால் வலது பக்க பால்கனியைக் கேட்டு வாங்கினோம். மத்தியான வெயிலும் பெரும்பாலும் மறுபக்கம் போய்விடும். எங்களுக்கு எதிர்வரிசையில் ஜன்னல் இல்லாத உள் கேபின், விலை குறைவு. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, மணி காலை நாலா பத்தா என்று தெரியாது. தூங்குவதற்கு அருமை, பகலில் பத்து நிமிஷம் இருக்க முடியாது.

குளியலறைதான் பிரச்சினை. சாதாரணக் கேபின்களின் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு உயரமான தடுப்பு இருக்கும், கிட்டத்தட்ட ஒரு படி உயரம். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிற முட்டிவலிக்காரருக்கு அது பெரிய ஆபத்து. உள்ளே ஷவர் இடமும் ஒரு ஆள் திரும்ப முடியாத அளவு, திரைச்சீலை ஈரமாகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தடுப்பு இல்லாத, கைப்பிடி வைத்த, ஷவரில் உட்கார இருக்கை உள்ள கேபின்கள் கப்பலில் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, நாங்கள் கேட்டபோது எல்லாம் போய்விட்டன. அந்த வாசலில் ராத்திரி விளக்கு ஒன்றை எரியவிட்டே சமாளித்தோம். இன்னொன்று, கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கிகள் வாங்கிப் போனால் பை, துண்டு, தொப்பி, ஜபமாலை வரை எல்லாவற்றையும் மாட்டலாம். காசு கொடுத்து வாங்கிப்போன பொருள்களில் எங்களுக்கு மிகவும் உதவியது அதுதான்.

சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். பெரிய கப்பல்களின் சமையலறைகளில் இந்தியர்கள், முக்கியமாகக் கோவாக்காரர்கள், நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முதல் இரண்டு இரவு மெனுவில் இருந்த பாஸ்தாவையும் அவித்த காய்கறியையும் அத்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் தலைமைப் பரிமாறுபவரிடம் விஷயத்தைச் சொன்னதும், முந்தின நாள் இரவே சொல்லிவிட்டால் மறுநாளுக்கு இந்தியச் சைவச் சாப்பாடு தனியாகச் செய்து தருகிறோம் என்றார். அதன் பிறகு பருப்பு, ஏதாவது ஒரு காய், சப்பாத்தி அல்லது சோறு தினமும் மேஜைக்கு வந்தது. வடக்கத்திச் சமையல்தான், கரம் மசாலா தூக்கல். காலை பஃபேயில் இனிப்பில்லாத கெட்டித் தயிர் வைத்திருப்பார்கள். அம்மா அதில் ஒரு கிண்ணம் வாங்கி மத்தியானச் சோற்றோடு பிசைந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள், வயிற்றுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

காப்பிதான் தாங்க முடியாத விஷயம். இயந்திரத்திலிருந்து வருகிற கறுப்புத் தண்ணீர், அதோடு கலக்கப் பால் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பி. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கிற கம்பி எதையும் கப்பலுக்குள் விடமாட்டார்கள், ஏறும்போதே எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். சில வகை எக்ஸ்டென்ஷன் போர்டுகூடக் கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் இந்த விதியில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் விடிந்தவுடன் டிகாக்‌ஷன் காப்பி குடித்துப் பழகிய இரண்டு பேருக்கு அது இல்லாமல் நாள் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இன்ஸ்டன்ட் புரூ பாக்கெட்டுகள் கொண்டுபோனதால் தப்பித்தோம். பஃபேயில் கொதிநீர் எடுத்து, கஞ்சிக்கு வைத்திருக்கும் சுடுபாலைக் கேட்டு வாங்கி, அம்மா தானே ஆற்றிக் கலக்குவாள். பாதிப் பயணத்துக்குள் பால் ஊற்றுகிற பையன் இவர்களைத் தூரத்தில் பார்த்ததுமே டம்ளரை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான்.

கார்தஹேனாவில் வெயில் கொளுத்தியது. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரத்தை நானும் அவரும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பெரியவர்கள் துறைமுகத்தோடு சேர்ந்த தோட்டத்திலேயே இருந்துகொண்டார்கள். அங்கே மயில், பஞ்சவர்ணக்கிளி, பூநாரை எல்லாம் சுற்றித் திரிகின்றன, நிழல் இருக்கிறது, உட்காரப் பெஞ்சு இருக்கிறது. அவர்களுக்கு அதுவே ஒரு நாடு பார்த்த திருப்தி.

கால்வாய் நாள் வந்தது. இந்தப் பயணத்தை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான், எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. இருட்டோடு எழுந்து பார்த்தால் சுற்றிலும் வரிசையில் காத்திருக்கும் சரக்குக் கப்பல்களின் விளக்குகள். கால்வாயின் பைலட்டுகள் ஏறியதும் கப்பலை ஓட்டுகிற அதிகாரமே கேப்டனிடமிருந்து அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. முதலில் காதூன் லாக், மூன்று படி. கப்பல் ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் இரும்புக் கதவு மூடுகிறது, மேலிருந்து தண்ணீர் வந்து நிரம்புகிறது, கப்பல் உயர்கிறது, முன் கதவு திறக்கிறது, அடுத்த தொட்டி. மூன்று தொட்டியும் ஏறி முடித்தால் கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருக்கிற காதூன் ஏரி. பம்பு ஒன்றுகூடக் கிடையாது, ஏரித் தண்ணீர் தானாக இறங்கி வந்து நிரப்புகிறது, 1914-இல் திறந்ததிலிருந்து இப்படித்தான்.

தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், எங்கள் கப்பல் 32 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் இரண்டடி இடைவெளிதான். பால்கனியில் நின்ற அத்தை கையை நீட்டிப் பழைய கான்கிரீட் சுவரைத் தொட்டுவிடலாம் போல இருக்கிறதே என்று நீட்டியே பார்த்தார். கப்பல் தன் சொந்த இன்ஜினில்தான் போகிறது, ஆனால் இடித்துவிடாமல் நேராகப் பிடித்துக்கொள்ள இரண்டு கரையிலும் தண்டவாளத்தில் சின்ன மின்சார ரயில் எஞ்சின்கள் கம்பிவடத்தோடு கூடவே வருகின்றன. அந்த வடத்துக்கான முதல் கயிற்றை இரண்டு பேர் ஒரு துடுப்புப் படகில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், அத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் ஒரு துடுப்புப் படகு. அம்மா எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்த் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுறவன் வேலைதான் இது, வேற ஒண்ணுமில்ல" என்றாள். நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு நொடியில் புரிந்த விஷயத்தை ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் காலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

ஏரியைத் தாண்டி குலேப்ரா வெட்டுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் மலையைப் படிப்படியாகச் செதுக்கியிருந்தது. "யாருட்டி இம்புட்டையும் வெட்டுனது?" என்று அம்மா கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். 1881-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி, பெரும்பாலும் மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் சுமார் 22,000 பேரைப் பறிகொடுத்து, 1889-இல் கம்பெனியே திவாலானது. அமெரிக்கர்கள் 1904-இல் எடுத்து, கொசுவை ஒழித்து, பத்து வருஷத்தில் முடித்தார்கள், அதிலும் கணக்கில் வந்த சாவு 5,600-க்கு மேல். மண்ணை வெட்டியவர்களில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள், பார்படோஸிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர். வெள்ளை அமெரிக்கர்களுக்குச் சம்பளம் தங்கத்தில், இவர்களுக்கு வெள்ளியில். தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல் என்று கடை, தபால் ஜன்னல், பள்ளிக்கூடம் எல்லாமே தனித்தனி. அம்மாவின் தாத்தா இலங்கைக்கு, கண்டிச்சீமைத் தோட்டத்துக்குப் போனவர், அங்கிருந்து திரும்பி வந்தவரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் பெயரெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். அன்று முழுக்க ஒலிபெருக்கியில் டன் கணக்கும் டாலர் கணக்கும் கேட்டோம், பார்படோஸ்காரர்களைப் பற்றி ஒரு வாக்கியம்தான் வந்தது. எனக்கு அது உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னொன்று. ஒரு கப்பல் கடக்க ஏரியிலிருந்து சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023-இல் மழை பொய்த்தபோது நாளுக்கு 36 கப்பல் வரை போன இடத்தில் 25-க்கும் கீழே குறைத்துவிட்டார்கள். பனாமா நகரத்துக்கும் குடிநீர் கால்வாயின் ஏரிகளிலிருந்துதான். கட்டணம் எங்கள் கப்பல் அளவுக்குச் சில லட்சம் டாலர் வரும். 1928-இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்பவர் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவர் எடைக்குக் கணக்குப் போட்டு வாங்கியது 36 சென்ட். அத்தைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போய் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பெத்ரோ மிகேல், மிராஃப்ளோரெஸ் லாக்குகளில் இறங்கி, அமெரிக்காஸ் பாலத்துக்கு அடியில் புகுந்து பசிபிக்கில் வெளியே வந்தோம். மேற்கே இருக்கிற கடலுக்குப் போக இந்த இடத்தில் கப்பல் தென்கிழக்காகப் போகிறது, வரைபடத்தைப் பார்க்காமல் நம்பவே முடியாது.

அன்றைய எரிச்சல், கூட்டம். முன்தளத்தில் கைப்பிடி ஓரமாக இருட்டிலேயே ஆட்கள் இடம் பிடித்து, மத்தியானம் வரை ஒரு அங்குலம் நகரவில்லை. மற்ற நாட்களில் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளுக்கும் இதே கதி, காலை ஆறு மணிக்கு ஒரு துண்டும் ஒரு செருப்பும் வைத்துவிட்டுப் போகிறவர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அரை மணி நேரம் ஆள் இல்லையென்றால் துண்டை எடுத்துவிடுவோம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. நிற்க முடியாத பெரியவர்களுக்கு நிழலில் நாலு நாற்காலியாவது ஒதுக்கி வைக்க ஒரு கப்பல் கம்பெனிக்கு என்ன செலவாகிவிடும்?

நிகராகுவா எங்களுக்குக் கிடைக்கவில்லை. சான் ஹுவான் தெல் சுரில் பெரிய கப்பல் கரையணைய முடியாது, நங்கூரமிட்டுச் சின்னப் படகில்தான் ஆட்களை இறக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் பாபகாயோ காற்று என்று நிலத்திலிருந்து கடலை நோக்கி ஒரு காற்று அடிக்கும். காலையில் டோக்கன் வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து, நேரம் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் படகு இறக்கப் பாதுகாப்பில்லை என்று கேப்டன் அறிவித்தார். அவர் முடிவு சரிதான், படகு மேலும் கீழுமாகக் குதித்ததை நாங்களே பார்த்தோம், அம்மாவை அதில் இறக்க நானே சம்மதித்திருக்க மாட்டேன். என் வருத்தமெல்லாம், திரும்பி வந்த பணம் துறைமுக வரி மட்டும், அதுவும் கப்பலிலேயே செலவழிக்க வேண்டிய கணக்கில். ஒரு நாடு குறைந்தால் டிக்கெட்டில் ஒரு காசும் குறையாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் படகில் இறங்க வேண்டிய துறைமுகங்கள் எத்தனை என்று பதிவு செய்யும்போதே பாருங்கள், காபோவும் அப்படித்தான்.

அதற்கு அடுத்தது டெஹுவான்டெபெக் வளைகுடா. மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக் குளிர்காற்று மலைத்தொடரில் இருக்கும் ஒரு இடைவெளி வழியாகப் புகுந்து பசிபிக் பக்கம் புயல் வேகத்தில் பாயும் இடம் அது, சீசன் சரியாக நாங்கள் போன மாதங்கள்தான். முந்தின நாளே எச்சரித்தார்கள். திறந்த தளங்களை மூடி, நீச்சல் குளத்தை வற்றவைத்து, படிக்கட்டுக் கைப்பிடிகளிலெல்லாம் வாந்திக்கான காகிதப் பைகளைச் செருகி வைத்தார்கள். அத்தை தலையைத் தூக்க முடியாமல் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தார். பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், இஞ்சி மிட்டாய், ரிசப்ஷனில் கொடுத்த மாத்திரை. மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வேறு மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, "மதினி, கண்ண மூடிக்கிட்டுக் கெடங்க, விடிஞ்சா சரியாப் போயிரும்" என்று நெற்றியில் கை வைத்தபடி இரவு முழுவதும் விழித்திருந்தாள்.

வயிற்றுப்போக்கும் ஒரு கட்டத்தில் பரவியது. நோரோ வைரஸ் மூடிய இடத்தில் வேகமாகப் பரவும், வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்குப் பெரிதாக உதவாது, சோப்புப் போட்டுக் கை கழுவத்தான் வேண்டும். பஃபேயில் யாரும் தானாக எடுக்கக் கூடாது, ஊழியர்கள்தான் பரிமாறுவார்கள் என்று மாற்றினார்கள். வரிசை நீண்டது. பலர் முணுமுணுத்தார்கள், நான் நிம்மதியானேன்.

காசு விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம். டிக்கெட்டில் எல்லாம் அடக்கம் என்ற நினைப்போடு ஏறுகிறோம், ஏறியதிலிருந்து ஏதாவது ஒன்றை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். இன்டர்நெட் தனிக் காசு. போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் கப்பலின் செல் கோபுரம் தானாகப் பிடித்துக்கொண்டு பில் எங்கோ போகும். சோடா, நல்ல காப்பி, புகைப்படம், மசாஜ், ஓவிய ஏலம், எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கியில் அழைப்பு. அறைக்குள் தினமும் நாலு துண்டுக் காகிதம். பெரியவர்கள் மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்து பிங்கோ அறிவிப்பு வரும். துணி வெளுக்க ஒரு பைக்கு இத்தனை டாலர் என்று கொள்ளை விலை, அதனால் காட்டன் புடவைகளைக் குளியலறையிலேயே அலசி, அங்கிருக்கும் கொடியில் காயப் போட்டு, ஏசி காற்றில் உலர்த்தினோம்.

டிப்ஸ் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடும். ரிசப்ஷனுக்குப் போய் அதை எடுக்கச் சொல்லலாம், சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியப் பையனிடம் அத்தை தினமும் பேசுவார், பாதி சைகையில். ஊரில் அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான், ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை என்பது இவர்களுக்குக் கிடையாது. சர்வதேசக் கடல் தொழிலாளர் சட்டமே ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும் என்கிறது, மிச்சம் பதினாலு மணி நேரம் வேலை வாங்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? அவர்கள் சம்பளத்தை டிக்கெட்டிலேயே சேர்த்துக் கம்பெனி நேராகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அது நடக்கும்வரை, கம்பெனி மேல் இருக்கும் கோபத்தை அறை கூட்டுகிற பையன் பணத்தில் காட்டுவது நியாயமில்லை.

மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். சுகம்தான், ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு நேரம் குழம்பும். போன் ஒரு நேரம் காட்டும், கப்பல் ஒரு நேரம் சொல்லும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதை மட்டும் பார்ப்பது நல்லது. கரைக்கு இறங்கினால் திரும்பி வர வேண்டியதும் அந்த நேரத்துக்குத்தான், கப்பல் காத்திருக்காது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பெரியவர்களைக் கப்பலில் ஏற்றவே ஏற்றாதீர்கள். கப்பல் டாக்டரைப் பார்த்தால் அறைக் கணக்கில் நேராக டாலர் ஏறும், அங்கே யாரும் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு விட்டுவிட மாட்டார்கள், நாம் கட்டிவிட்டுத்தான் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டி வந்தால் செலவு நினைத்துப் பார்க்க முடியாதது, அவசரமாக வெளியேற்றும் செலவையும் சேர்த்துக் கொடுக்கிற பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

அத்தைக்கு அடுத்து அலாஸ்கா பார்க்க வேண்டுமாம், டெஹுவான்டெபெக்கில் அவ்வளவு பட்ட பிறகும். சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஏறினால் ஒரு வாரப் பயணம்தான், கோடையில் மட்டும் போகும். வான்கூவரிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவே ஒதுங்கிய தண்ணீரில் போவதால் ஆட்டமும் குறைவு, கனடா விசாவுக்கு மட்டும் தனியாக எழுதிப்போட வேண்டும். குளியலறை வாசலில் தடுப்பு இல்லாத கேபின் எந்தக் கப்பலில் காலியாக இருக்கிறது என்று இந்த வாரமே கேட்க ஆரம்பித்துவிட்டேன், அது கிடைக்கிற தேதியில்தான் டிக்கெட் எடுப்போம்.